அன்னத்தாயும் கரி பிடிக்காத செம்பும்

பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஆசிரியர் அறையில் கூடிவிடுவோம். அன்னத்தாய் மட்டும் வரமாட்டாள். வேதியியல் கூடத்தின் பின்னறையில் உலைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் மீட்டரின் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பாள். நான் கணிதத் துறை. என் வகுப்பறைக்கும் அந்தப் பின்னறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் தொகைநுண்கணிதம் நடத்திக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாரையோ திட்டுவது கேட்கும். முதல் வருஷம் மாணவிகளைத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் திட்டுவது நிக்கலை.

முறப்பநாட்டில் ஆற்றங்கரையை ஒட்டி வயல் வைத்திருந்த சைவப்பிள்ளை வீட்டுப் பெண் அவள். அண்ணன் தில்லைநாயகம் விவசாயத்தைப் பார்த்துக்கொள்ள, தங்கை மதுரைக்குப் போய் எம்.எஸ்ஸி. முடித்தாள். எண்பத்தெட்டில் எங்கள் கல்லூரியில் சேர்ந்தாள். மறு வருஷம் குமரவேலுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் மின்வாரியத்தில் லயன் இன்ஸ்பெக்டர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது, அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. சாயங்காலமானால் அவர் சைக்கிளில் வந்து கல்லூரி வாசலில் ஒரு காலை ஊன்றி நிற்பார். அவள் பின்னால் ஏறிக்கொள்வாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். என்னதான் அவ்வளவு பேசுவார்களோ என்று வாசல் காவலாளிக்கே ஆச்சரியம்.

தொண்ணூற்றுமூன்றில் அவள் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். வழிகாட்டி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அம்மையப்பன். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று ஒருநாள் கேட்டேன்.

"எரிக்காம எரிக்கதைப் பத்தி" என்றாள்.

"புரியும்படியாச் சொல்லு."

மேஜைமேல் இருந்த மாரி பிஸ்கட்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். "இது ஒரு பீங்கான் வில்லைன்னு வச்சுக்கோ. இந்தப் பக்கம் எரிவாயு. அந்தப் பக்கம் வெறுங்காத்து. வில்லையை நல்லா பழுக்கக் காய்ச்சினா, காத்துல இருக்க ஆக்சிஜன் மட்டும் மின்னேத்தத்தைச் சுமந்துக்கிட்டு இதுக்குள்ள பைய ஊடுருவி இந்தப் பக்கம் வரும். வந்து வாயுவோட சேரும். தீ கிடையாது, புகை கிடையாது. எரியறப்ப வீணாப் போற சக்தியில பாதிக்கு மேல கரண்டா கம்பியில வரும்."

"அப்போ நிக்கல் எங்க வருது?"

"வாயு இருக்க பக்கம் ஒரு உலோகம் பூசணும். அதுதான் வினையூக்கி. அது இல்லாட்டா வாயு சும்மா வந்துட்டு சும்மா போயிரும். உலகம் பூரா நிக்கலைத்தான் பூசுதாங்க. ஹைட்ரஜனைக் குடுத்தா நிக்கல் தங்கமான பிள்ளை. ஆனா ஹைட்ரஜனுக்கு நான் எங்க போக? மீத்தேன் மாதிரி கரி உள்ள வாயுவைக் குடுத்தா, அவசரப்பட்டு அதை உடைச்சு, கரியை அங்கனயே குமிச்சுப் போடுது. கொஞ்ச நேரத்துல பூச்சுல உள்ள துவாரமெல்லாம் அடைச்சு, வில்லையே பொடிஞ்சு போவுது. பொல்லாத வேலைக்காரன், சுப்ரஜா. வேலையும் நல்லா செய்யுதான், வீட்டையும் இடிச்சுப் போடுதான்."

சொல்லிவிட்டு அந்த பிஸ்கட்டைத் தின்றாள்.

மீத்தேனை அவள் விலைக்கு வாங்கவில்லை. முதலில் சோதனைக்குழாயில் சோடியம் அசிட்டேட்டையும் சோடாச் சுண்ணாம்பையும் சூடாக்கி, பள்ளிக்கூடப் பாடத்தில் உள்ளபடி தயாரித்தாள். ஒரு பலூன் நிறைவதற்குள் ஒரு நாள் போய்விட்டது. அப்போதுதான் அவளுக்கு அண்ணன் வீட்டுத் தொழுவம் ஞாபகம் வந்தது. தில்லைநாயகம் அரசாங்க மானியத்தில் சாண எரிவாயுக் கலம் கட்டியிருந்தார். அவர் மனைவி சித்ரலேகா அதில்தான் சமைத்தாள். அந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னத்தாய் பழைய லாரி டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு முறப்பநாட்டுக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். சித்ரலேகா அடுப்புக் குழாயைக் கழற்றி டியூபில் மாட்டிவிட்டு, "மதினி, உங்க படிப்புக்கு இன்னைக்கு எங்க வீட்ல உலை வைக்கலை. அவலை நனைச்சுத் திங்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். டியூப் பைய உப்பி உருண்டது. அதைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் பார்த்தார். "யக்கா, டியூபுக்கு லக்கேஜ் போடணும்."

"உள்ள ஒண்ணும் இல்ல தம்பி. காத்துதான்."

"காத்தை அடைச்சு எதுக்குச் சொமக்கீங்க? நம்ம ஊர்ல காத்துக்கா பஞ்சம்?"

வல்லநாட்டு மலையெல்லாம் பின்னால் போய்விட்டது. வால்வில் கட்டியிருந்த கயிறு தளர்ந்ததோ என்னமோ, பஸ்ஸுக்குள் மெல்ல ஒரு வாடை பரவியது. எல்லோரும் திரும்பி, கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் நிதானமாக மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எங்கூடை இன்னைக்குத்தான் மணக்குது. நாத்தம் முன்னால இருந்து வருது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து முன்னிருக்கைக்காரர் ஒருவர் பீடியை எடுத்து வாயில் வைத்தார். அன்னத்தாய் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தாமல், "அண்ணாச்சி, அதைப் பத்த வச்சிராதீங்க. இதுக்குள்ள இருக்கது சாணி வாயு" என்றாள்.

பஸ் நின்றது. அப்படி மரியாதையாக யாரையும் ஒரு கண்டக்டர் இறக்கிவிட்டு நான் பார்த்ததில்லை. டியூபை அவரே இரண்டு கையாலும் ஏந்திக் கீழே வைத்தார். அன்னத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டியூபைச் சக்கரம்போல நிமிர்த்தி உருட்டிக்கொண்டு தார்ச்சாலையில் நடந்தாள். நான் கல்லூரிக்காரி என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று நாலடி தள்ளி நடந்தேன். "பக்கத்துல வா சுப்ரஜா, தனியா உருட்டிக்கிட்டுப் போனாத்தான் பைத்தியம்னு நெனைப்பாங்க. ரெண்டு பேராப் போனா வேலைன்னு நெனைப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு தில்லைநாயகமே டி.வி.எஸ். வண்டியின் பின்னால் டியூபைக் கட்டிக் கொண்டுவந்து தர ஆரம்பித்தார்.

சாண வாயுவில் கந்தக நாற்றம் உண்டு. அதை இரும்புத் துருவின் வழியாக விட்டு எடுத்தாள். வாயு சுத்தமானது. நிக்கல் மட்டும் மாறவில்லை. காலையில் மீட்டர் முள் கம்பீரமாக ஏறி நிற்கும். மத்தியானத்துக்குள் தளரும். மூன்றாம் மணி வகுப்பு முடிந்து நான் எட்டிப் பார்க்கும்போது முள் படுத்திருக்கும், அவள் திட்டிக்கொண்டிருப்பாள். உலை ஆறியதும் திறந்தால் பச்சை நிறத்தில் உள்ளே போன வில்லை கரிக்கட்டியாக வெளியே வரும், தொட்டால் உதிரும்.

இதற்கு நடுவில் மின்தடை வேறு. பழுத்த உலை சட்டென்று ஆறினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். "எங்க வீட்ல அவுக கையிலதான் ஊர் கரண்டே இருக்கு, எனக்கு ஒரு நாள் முழுசாக் கிடைக்க மாட்டேங்கு" என்பாள். உண்மையில் ஒருமுறை கேட்டும் பார்த்திருக்கிறாள். பராமரிப்புக்காக லயனை நிறுத்த வேண்டிய நாளை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று.

"ஒன் ஒரு அடுப்புக்காக மேலப்பாளையம் வரைக்கும் எவனும் கம்பத்துல ஏறக் கூடாதா? நடக்காது அன்னம்" என்று சொல்லிவிட்டார் குமரவேல்.

சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு எப்போது லயனை நிறுத்தப் போனாலும் கொஞ்சம் முன்கூட்டியே சைக்கிளில் கல்லூரி வாசலுக்கு வந்து, காவலாளியிடம் "வேதியியல் அம்மாகிட்ட அடுப்பைப் பைய எறக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் உலையைச் சிறுகச் சிறுகக் குறைப்பாள். அந்த வருஷத்தில் ஒரு வில்லைகூட மின்தடையால் உடையவில்லை. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

தொண்ணூற்றாறு கடைசியில் நிக்கலை விட்டுவிட்டுச் செம்புக்கு மாறுவது என்று முடிவெடுத்தாள். செம்புக்குக் கரியை உடைக்கிற ஆசை கிடையாது, அதனால் அதன்மேல் கரி குவியாது என்பது அவள் கணக்கு. பேராசிரியர் அம்மையப்பனுக்குச் சந்தேகம். "செம்பு சோம்பேறி உலோகம்மா. கரியும் பிடிக்காது, வேலையும் நடக்காது" என்றார்.

"செம்பு வேலை செய்ய வேண்டாம் சார். கரண்டை மட்டும் கடத்திக் குடுத்தாப் போதும். வாயுவைப் பிடிச்சு ஆக்சிஜனோட சேக்க வேலையைச் சீரியம் ஆக்சைடு பாக்கும்" என்றாள். சீரியம் நம் பக்கத்துக் கடற்கரை மணலில் இருந்து எடுப்பதுதான், மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அது ஒரு சின்னப் பெருமை.

ஆனால் பெரிய தடை ஒன்று இருந்தது. பீங்கான் வில்லை கெட்டிப்பட வேண்டுமென்றால் ஆயிரத்து நானூறு டிகிரியில் சுட வேண்டும். செம்பு ஆயிரத்து எண்பதைத் தாண்டினாலே உருகிவிடும். எங்கள் கல்லூரி உலை ஆயிரத்து நானூறுக்கு ஏறாது. உருகினாலும் செம்பு பீங்கானின் இடுக்குகளிலேயே தங்கிவிடும் என்று நம்பி, அவள் செம்புத் தூளையும் பீங்கான் தூளையும் கலந்து வில்லையாக அழுத்தி, பஞ்சு வைத்த டிபன் பாக்ஸில் அடுக்கி, நாகர்கோவில் வழியாக பஸ் மாறித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஓர் ஆய்வகத்தில் பெரிய உலை இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போய் வாங்கிவந்தாள். ஆசிரியர் அறையில் வைத்து டப்பாவைத் திறந்தாள். பீங்கான் வெள்ளையாக இருந்தது. செம்பெல்லாம் உருகி வழிந்து, கடுகுமணிகளாகத் தனியே ஒதுங்கியிருந்தது. ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றாள். அதன்பின் வேறு விதமாக இரண்டு முறை முயன்றாள். அதே கடுகுமணிகள்தான் திரும்பி வந்தன.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் அடைமழை. கொக்கிரகுளம் பக்கம் ஒரு வாகை மரக் கிளை முறிந்து கம்பியோடு சரிந்துவிட்டது. குமரவேல் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். கரண்ட் இல்லை, அதை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். ஈர மண்ணில் ஏணி சறுக்கிவிட்டது. இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

செய்தி வந்தபோது அன்னத்தாய் பின்னறையில் இருந்தாள். உலையை அணைக்கக்கூட மறந்து ஓடினாள். நான்தான் போய் அணைத்தேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்ததும், "அடுப்பை எறக்கியாச்சா?" என்றார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். நாலைந்து மாதம் வேலைக்குப் போகக்கூடாது, இனி கம்பம் ஏறவே கூடாது என்றார்கள். அன்னத்தாய் ஒரு மாதம் விடுப்பு எடுத்தாள். திரும்பி வந்தபோது பின்னறைச் சாவியைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டாள். காலையில் அவருக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவதும் மணியடித்ததும் ஓடுவதுமாக இருந்தாள். பேராசிரியர் ஆள் அனுப்பினால், "இப்போ முடியாது சார்னு சொல்லிருங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் திட்டும் சத்தம் இல்லாமல் நான் வகுப்பு நடத்துவது எனக்கே என்னவோபோல இருந்தது.

மார்கழியில் ஒருநாள் குமரவேலைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தில்லைநாயகமும் சித்ரலேகாவும் வந்திருந்தார்கள். அன்னத்தாய் ரசவடை செய்து பரிமாறினாள். குமரவேல் ஒரு வடையைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "மேலதான் நனைஞ்சிருக்கு. நடுவுல வெறும் வடை. சாரம் எறங்கலியே" என்றார்.

"அவசரத்துல போட்டேன். ஊறட்டும், பெறவு தின்னுங்க."

"ஊறணும்னா உள்ள துவாரம் வேணும்லா. கல்லு மாதிரி சுட்டுட்டு ஊறு ஊறுன்னா எப்பிடி ஊறும்?"

தில்லைநாயகம் சிரித்தார். அன்னத்தாய் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு உள்ளே போனாள். கொஞ்ச நேரமாகியும் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்று, "செம்பை முன்னாடியே ஏன் கலக்கணும்?" என்று என்னைக் கேட்டாள்.

இதைப் பற்றிப் பின்னாளில் அந்த வீட்டில் ஓயாத வழக்கு இருந்தது. தன்னுடைய வடைதான் அந்த ஆராய்ச்சியைக் காப்பாற்றியது என்று குமரவேல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "வடையும் இல்ல ஒண்ணும் இல்ல. துவாரமுள்ள பொருளை உப்புக் கரைசல்ல ஊற வச்சுச் சுடுதது வினையூக்கி செய்யதுல நூறு வருஷப் பழைய முறை. புத்தகத்துலயே இருக்கு. நான்தான் இங்கன அதைப் போட்டுப் பாக்கணும்னு யோசிக்கலை" என்று அவள் திருத்துவாள். "அப்போ ஏன் நீ வடையை வச்சுட்டு உள்ள போன?" என்பார் அவர்.

எப்படியிருந்தாலும் வழி தெரிந்துவிட்டது. முதலில் செம்பே இல்லாமல் பீங்கானை மட்டும் பெரிய சூட்டில் சுட்டுக்கொள்வது. ஒரு பக்கம் கெட்டியாக, மறு பக்கம் நுண்துளைகளோடு. அதற்குப் பிறகு செம்பு உப்பையும் சீரியம் உப்பையும் தண்ணீரில் கரைத்துத் துளைகளுக்குள் ஊறவிட்டு, கல்லூரி உலையின் சின்னச் சூட்டில் காய்ச்சுவது. செம்பு உருகுகிற பேச்சே இல்லை.

ஆனால் அவள் தயங்கினாள். சாவியை வாங்கப் போகவில்லை. குமரவேல்தான் பேச்சை எடுத்தார்.

"நான் இங்கன படுத்து விட்டத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அதுக்கு ஒன் அடுப்பைப் பாத்தாலாவது பொழுது போவும். என்னை அங்கன கொண்டு போய்ப் போடு."

"பொம்பளப் பிள்ளைக காலேஜ்ல உங்கள எப்பிடி விடுவாங்க?"

"கால் ஒடிஞ்சவனால என்ன செஞ்சிர முடியும்? கேட்டுப் பாரு."

முதல்வர் அம்மா நாலு நாள் யோசித்தார். காலை மணியடிப்பதற்கு முன் பக்கவாசல் வழியாக வந்துவிட வேண்டும், மாணவிகள் போன பிறகுதான் வெளியே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தை பிறந்ததும் குமரவேல் ஆட்டோவில் வந்து இறங்கி, கக்கத்தில் கட்டைகளை ஊன்றி நடந்து பின்னறையில் குடியேறினார்.

மரவள்ளிக்கிழங்கு மாவைத் துணியில் சலித்துப் பீங்கான் தூளில் கலந்தார்கள். சுடும்போது மாவு எரிந்துபோய் அந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். வில்லைகள் திருவனந்தபுரம் போய் வந்தன. இந்த முறை முழுசாக வந்தன. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு துளை. அதன்பின் நாள் முழுக்கக் குமரவேலுக்கு வேலை. இங்க் பில்லரால் அந்த உப்புகள் கரைந்த நீலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வில்லையின் மேல் விடுவார். அது உறிஞ்சிக்கொள்ளும். அவள் வகுப்புக்கு நடுவே ஓடிவந்து அதை உலையில் வைத்துக் காய்ச்சி எடுத்துத் தருவாள். மறுபடி அவர் சொட்டுவிடுவார். ஒரு தடவையில் கொஞ்சம்தான் தங்கும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. கம்பத்தின் உச்சியில் நின்று பழகிய மனிதர் ஒரு ரூபாய் அளவு வில்லைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சன்னல் வழியாகப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வேறு மாதிரியாகவும் இருக்கும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை. தில்லைநாயகம் காலையிலேயே இரண்டு டியூப் வாயு கொண்டுவந்திருந்தார். வில்லையைக் குழாயின் முனையில் ஒட்டி உலைக்குள் இறக்கியிருந்தாள் அன்னத்தாய். உலை எழுநூறு டிகிரியைத் தொட்டதும் வாயுவைத் திறந்தாள். டியூபின்மேல் ஒரு பலகையும் பலகைமேல் இரண்டு செங்கலும் வைத்திருந்தாள், வாயு ஒரே சீராக வெளிவர.

முள் ஏறியது. முக்கால் வோல்ட்டைத் தாண்டி நின்றது.

குமரவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முக்கா வோல்ட்டா? நான் பதினோராயிரம் வோல்ட்டுல வேலை பாத்தவன். இந்த முக்கா வோல்ட்டுக்கா அஞ்சு வருஷமா இந்தப் பாடு?"

"பேசாம இருங்க. ஏறுதது பெருசு இல்ல. நிக்கணும்."

நிக்கல் போட்ட நாட்களில் ஏறிய அளவுக்கு இது ஏறவில்லை. கரண்டை இழுக்கும் பளுவைக் கொடுத்ததும் கொஞ்சம் இறங்கியது. இறங்கி அங்கேயே நின்றது. நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை. மத்தியானம், வழக்கமாக முள் தளரும் நேரம் வந்தது. தளரவில்லை. சித்ரலேகா கொடுத்துவிட்டிருந்த புளியோதரையை உலைக்கு முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டோம். அன்னத்தாய் சாப்பிடவில்லை. கையில் உருண்டையை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் டியூப் தீர்ந்து இரண்டாவதை மாட்டினார் தில்லைநாயகம். சாயங்காலம் இரண்டாவதும் தீர்ந்தது. அதுவரை முள் நின்ற இடத்தில் நின்றது. வாயு தீர்ந்த பிறகுதான் சாய்ந்தது.

"என்னளா, இப்போ படுத்துட்டு?" என்றார் தில்லைநாயகம் கவலையாக.

"சோறு தீந்தா யாரும் படுக்கத்தான் செய்வாங்க, அண்ணே" என்றாள் அவள். அப்போதுதான் அந்த உருண்டையை வாயில் போட்டாள்.

திங்கட்கிழமை ஆறிய உலையிலிருந்து வில்லையை எடுத்தாள். மேலே மெல்லிய கருந்தூசி இருந்தது. ஊதினாள். தூசி பறந்தது. கீழே புதுச்செம்பின் நிறம். குமரவேல் கையை நீட்டினார். அவர் உள்ளங்கையில் அதை வைத்தாள். அவர் வெகுநேரம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அதே சோதனையை வெவ்வேறு அளவில் செய்து பார்த்தாள். அவளும் பேராசிரியரும் ஒரு பன்னாட்டு இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். இன்னும் சில அளவீடுகள் வேண்டும் என்று திரும்பி வந்தது. அவற்றுக்கான கருவிகள் இந்தப் பக்கம் எங்கும் கிடையாது. சென்னைக்கு எழுதி, பதில் வந்து, முறைபோட்டு அளந்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடின. தொண்ணூற்றொன்பதில் பேராசிரியர் அவளைப் பல்கலைக்கழகத்துக்கு வரச் சொன்னார். நானும் போனேன். அவர் ஒரு புது இதழை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். வெளிநாட்டில் ஒரு குழு ஏறக்குறைய இதே வழியில், செம்பையும் சீரியத்தையும் பின்னால் ஊறவைத்து, மீத்தேனில் மின்கலம் ஓட்டியிருந்தார்கள். எங்களால் முடியாத அளவீடுகள் எல்லாம் அதில் இருந்தன.

"நம்ம முந்தியிருக்கணும்மா. நான்தான் ஆரம்பத்துல சந்தேகப்பட்டுட்டேன்" என்றார் அம்மையப்பன்.

அவள் நின்றபடியே கட்டுரை முழுவதையும் படித்தாள். ஒரு படத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு நல்லா செஞ்சிருக்காங்க, பாருங்க சார்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். டவுன், ஜங்ஷன், ஆற்றுப்பாலம் எல்லாம் தாண்டினோம். வண்ணாரப்பேட்டையில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னாப் பொய். ஆனா ஒண்ணு பாரு. இத்தனை வருஷமா இந்த வழியில நான் மட்டும் போறேன், எங்கன முட்டுச்சந்துல போய் நிப்பேனோன்னு ஒரு பயம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. இப்போ அந்தப் பக்கமா நாலு பேர் வாராங்க. அப்போ இது பாதைதான்."

வீட்டில் குமரவேலுக்குத்தான் ஆற்றாமை. அவருக்கு அப்போது அலுவலகத்தில் மேஜை வேலை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள், "அவனுகளுக்கு யாரு சொட்டு விட்டிருப்பா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அன்னத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவளுடைய வாய்மொழித் தேர்வு நடந்தது. பல்கலைக்கழக அரங்கில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். முன்வரிசையில் எங்கள் கல்லூரிக்காரர்கள். அடுத்த வரிசையில் குமரவேல், வெள்ளை வேட்டி கட்டித் தில்லைநாயகம், பட்டுச்சேலையில் சித்ரலேகா. அன்னத்தாய் முக்கால் மணி நேரம் பேசினாள். தேர்வாளர் துருவித் துருவிக் கேட்டார். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள். கடைசியில் சபையில் யாராவது கேட்கிறீர்களா என்றார்கள்.

தில்லைநாயகம் எழுந்து நின்றார். குமரவேல் அவர் துண்டைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"வணக்கம். நான்தான் வாயு கொண்டாந்து குடுத்தவன். எனக்கு ஒண்ணு தெரியணும். எங்க வீட்டு மாட்டுச் சாணத்துல இந்த மெசினு எத்தனை வீட்டுக்கு வெளக்கு எரிக்கும்?"

அரங்கில் சிரிப்பு. அன்னத்தாய் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு வீட்டுக்கும் எரிக்காது, அண்ணே. நான் செஞ்ச வில்லை ஒரு ரூவா அகலம். அதுல வாரதைவிட அதைச் சூடாக்க நான் எடுக்க கரண்டு ரொம்ப அதிகம். இதைப் பெருசாச் செய்யணும், அடுக்கி வைக்கணும், தன் சூட்டுலயே தானா ஓடணும். அதுக்கு இன்னும் பல வருஷம், பல பேரு வேணும். நான் கண்டுபிடிச்சது சின்னது. கரி வாயுவைக் குடுத்தாலும் இது அடைச்சுக்காது. அவ்வளவுதான்."

தில்லைநாயகம் யோசித்தார். "சரி. அப்போ நான் தொடர்ந்து கொண்டாந்து தாரேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதற்குமேல் தனக்குக் கேள்வி இல்லை என்றார்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் விருந்து. இரவே விருந்தினர் எல்லோரும் கிளம்பிவிட்டோம். மறுநாள் அவள் விடுப்பு எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். முதல் மணி முடிந்து வந்தால் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு வரைபடத்தாள்.

"வாழ்த்துகள், டாக்டர் அம்மா" என்றேன்.

"அதை விடு. சீரியத்தைக் கூட்டக் கூட்டக் கரண்டு கூடுது. ஒரு அளவுக்கு மேல கூட மாட்டேங்கு. துவாரத்துக்குள்ள வாயு போய்ச் சேர வேகம் காரணமா இருக்கும்னு தோணுது. அந்தச் சமன்பாட்டைப் போடத் தெரியுமா ஒனக்கு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். சமன்பாட்டின் எல்லை நிபந்தனை விநோதமாக இருந்தது. "தெரியாது" என்றேன்.

"சரி, பாப்போம்" என்று சொல்லி நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டாள்.